அரைத் திருகு

வியாழன், ஒன்பதரை.
பொது ஆஸ்பத்திரியின் பின்கட்டடம்.
இடது தொடையின் மேல்மடிப்பில்
நுஸ்ஹா பட்டியைச் சுற்றுகிறாள்.
கிண்ணியாப் பிள்ளை.
சுற்றுமுன் ஒவ்வொரு தரமும் கேட்பாள்:
கால் வீங்கினதா, நெஞ்சுக்குள்ள ஏதும் செய்ததா,
பிரஷர் குளிசை போட்டீங்களா?
போட்டேன் பிள்ளை.
பொய் சொன்னால் மெஷின் காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் ஒரு சின்னக் குழலைக் காலில் வைத்து
நாடியைக் கேட்கவிட்டாள்.
உஷ், உஷ், உஷ்.
காற்று ஏற ஏறச் சத்தம் மெலிந்து
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குப் போகாமல்
பாதி தாண்டிக் கொஞ்சத்தில் நிறுத்தினாள்.
"அறுபது வீதம் ஐயா.
வாற ரத்தம் வரும். திரும்பிப் போறதுதான் மினக்கெடும்."

எனக்கா விளக்குகிறாய்.
இருபத்தாறு வருஷம் நீர்ச்சபையில் வால்வு திருகினவன்.
உவர்மலை மேட்டுக்குத் தண்ணீர் ஏற
பள்ளத்துத் தெருக்களை அரைத் திருகு இறுக்க வேண்டும்.
முழுக்க மூடினால் சனம் வாளியோடு கந்தோருக்கு வரும்.
திறந்தே விட்டால் மேட்டுவீட்டுக் குழாய் இருமும்.
அரைத் திருகுக்குக் கையில் ஒரு அளவு உண்டு.
எனக்கு அது இடது கை.
இப்போது மடியில் கிடக்கிறது,
பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன குடை மாதிரி.
போன மார்கழி, அலஸ்தோட்டத்தில்
வால்வுக் குழிக்குள் குனிந்தவன்
நிமிரவில்லை.

கணுக்காலில் அரைக்கிலோ மணல் பை.
அரைக்கிலோ! சீனி வாங்கினால் கூடக் கூச்சமான அளவு.
முப்பது தரம் நீட்ட வேண்டும்.
அரை நிமிஷம் மூச்சு.
பிறகு பதினைந்து. பதினைந்து. பதினைந்து.
இருபத்திரண்டில் தொடைக்குள்
யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.
மரத்த கால் என்றார்களே,
மரத்தது இப்படியா எரியும்?

பக்கத்துக் கதிரையில் விஜேகோன்,
கடற்படையில் சமைத்தவர்.
விரல் நுனியில் தொடங்கி இடுப்புவரை ஏறிய நோய்
இப்போது வந்த வழியே இறங்குகிறதாம், மெல்ல.
அவர் சிங்களத்தில் எண்ணுவார்.
பத்தோடு மூச்சு வாங்கி நிற்கும்போது
பதினொன்று என்று நான் எடுத்துக் கொடுப்பேன்.
என் கணக்கு அவரிடம் பிசகும்.
இரண்டு பேருமாய்ச் சேர்ந்து ஒருநாள்
இருபதைத் தாண்டிவிட்டோம், பதினைந்துக்கு.
நுஸ்ஹா சிரிக்கவில்லை. ஏசினாள்.

இதே இடம்.
இடது தொடை, மேல்மடிப்பு.
தொண்ணூறில் ஒரு ஆனி இரவு
என் சாரத்தைக் கிழித்து
ஜெகசோதியின் காலில் கட்டினேன்.
குச்சி செருகி முறுக்கினேன், முழுத் திருகு.
அரை என்று ஒன்று இருப்பது
அன்று எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.
விடிய வண்டி கிடைத்தது.
கால் போனது. ஆள் இருக்கிறான்,
மட்டிக்களியில் சைக்கிள் திருத்துகிறான்.
வார்டுக்குப் பார்க்க வந்தவன்
பட்டிக் கதை கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்:
"கடைசியில உன்னையும் கட்டிப்போட்டாங்களா மச்சான்!"
பிறகு என் தொடையை நெடுநேரம் பார்த்தான்.
நான் குளிசைச் சரையை எண்ணினேன்.

காற்று இறங்கும் அந்த நொடி மட்டும்
எனக்காகத்தான்.
நாலு நாள் காய்ந்த குழாயில்
தண்ணீர் வரும் சத்தம் இருக்கிறதே,
முதலில் காற்று, பிறகு துரு, பிறகு குளிர்.
அது காலுக்குள்.

எட்டாம் கிழமை.
அளவுநாடா ஒரு சென்டிமீட்டர் கூடக் காட்டியது.
நுஸ்ஹா நம்பாமல் திரும்ப அளந்தாள்.
கைக்கு இன்னும் ஒன்றுமில்லை.
"எல்லாருக்கும் இது சரிவராது ஐயா,
உங்களுக்கும் எவ்வளவென்று சொல்ல மாட்டேன்."
அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கிறது.
சிவபாக்கியம் மட்டும்
சென்டிமீட்டரை வீதியெல்லாம் சொல்லிவிட்டாள்.

இன்று வாசலில் ஒரு மான்,
சாப்பாட்டுப் பார்சல் தாளை நக்கிக்கொண்டு
வழியை மறித்து நின்றது.
ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அது அசையவில்லை.
நானும் நின்றேன்,
சிவபாக்கியத்தின் தோளை விட்டுவிட்டு.
எத்தனை என்று
எண்ணவில்லை.