ஓர் அடி

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
பேருந்து ஓட்டுநர்கள் பதினாலு பேரையும்
நீலக் கோட்டின்மேல் நிறுத்தினான்
லெக்சிங்டனிலிருந்து வந்த பையன்.
அவன் காலணியில் எங்கள் மலைச்சேறு
பொட்டுக்கூட இல்லை.

கேள்வி கேட்பானாம்.
ஆம் என்றால் ஓர் அடி முன்னே.
இல்லையென்றால் நின்ற இடம்.

வீட்டில் ஐம்பது புத்தகமாவது இருந்ததா?
ஒரு பைபிள், ஒரு டிராக்டர் கையேடு.
நின்றேன்.
தாயோ தந்தையோ கல்லூரி முடித்தவரா?
அப்பா முடித்தது நுரையீரலை,
நாற்பத்தொன்பது வயதில், நிலக்கரித் தூளால்.
நின்றேன்.
பல்வலித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போனார்களா?
என் வாயில் மிச்சம் பதினொன்று.
எண்ணிக்கொள் தம்பி.

பக்கத்தில் கிளியோத்தா பேனரும் நின்றாள்,
ஏழாம் எண் பேருந்து,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.
இந்த மாவட்டத்தில் வேறு கறுப்பு ஓட்டுநர் இல்லை.
எங்களுக்கு முன்னால் வெறும் முதுகுகள்.
'பார்த்தாயா' என்று சொல்ல
நாக்கு துறுதுறுத்தது எனக்கு.
ஒரே கோடு. ஒரே சம்பளம்.
வேலை செய்யாத ஒரே ஹீட்டர்.

கடைசிக் கேள்வி:
தோல் நிறம் நினைவுக்கே வராமல்
ஒரு வாரம் கழிந்ததுண்டா?

என் கால் தானாக நகர்ந்தது.
ஓர் அடி.
தொலைந்த சாவி கிடைத்தவன்போல்
பையன் தலையாட்டினான்.
பலகையில் எழுதினான்: சலுகை.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.
சலுகை என்றால் கொடுத்தவன் ஒருவன் வேண்டுமே.
யார் அவன்?
அப்பாவின் மருத்துவச் சீட்டைத் திருப்பியனுப்பிய
சுரங்கக் கம்பெனியா?
கூரையோடு வீட்டை ஜப்தி செய்த வங்கியா?
வாங்காத கடனுக்கு வட்டி கேட்கிறான்,
அதுவும் புன்னகையோடு கேட்கிறான்.

வெளியே வண்டிகளுக்கு நடுவில்
கிளியோத்தா சொன்னாள்:
"எனக்கும் பிடிக்கல.
உனக்குப் பாடம் எடுக்க
என்னை எதுக்கு அளவுகோல் மாதிரி நட்டு வெச்சான்?
முட்டி உயிர் போகுது."
சிரித்தோம். ஒரு சிகரெட்டை
மாறி மாறி இழுத்தோம்.

பிறகு, வேறு பேச்சில்லாமல்
சும்மாதான் கேட்டேன்:
போன ஜனவரிப் பனியில், ஸ்டில்ஹவுஸ் வளைவில்
உன் காலி வண்டி பள்ளத்தில் இறங்கியபோது
பெட்ரோல் நிலையம் வரைக்கும் ஏன் நடந்தாய்?
அங்கேயே மூன்று வீடு இருக்கிறதே,
புகைபோக்கியில் புகையோடு.
(ஓட்டுநர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச்
சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.)

அவள் என்னைப் பார்த்தாள்.
கோபமில்லை.
களைப்பு என்றும் சொல்லிவிட முடியாது.
"இருட்டிடுச்சு அப்போ, வெர்லின்."
சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டுப்
போய்விட்டாள்.

அதே வளைவு. அதற்கு முந்தைய வருடம். என் வண்டி.
அதுவும் இருட்டில்தான்.
முதல் வீடு.
இரண்டாவது தட்டலுக்குமுன் கதவு திறந்தது.
முன்பின் பார்த்திராத மனிதர்,
காலுறையோடு நின்று, காபி வேண்டுமா என்றார்.
துப்பாக்கி சுவரில் இருந்தது.
சுவரிலேயே இருந்தது.

அதைச் சலுகை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.
தட்டினால் திறப்பதற்குத்தானே கதவு?
யாருக்கும் கிடைக்கவேண்டியதற்குப்
பரிசுபோலப் பெயர் வைத்தால்
கோபம் வரத்தான் செய்யும்.
பையனிடம் இதைச் சொல்லத்
திரும்பப் படியேறினேன். பாதிவரை.

எனக்குத் திறந்த கதவுக்குப் பெயர் சரியில்லை என்று
இத்தனை நேரம் சண்டை போட்டேனே,
அவள் தட்டாமல் கடந்த மூன்று கதவுக்கு
என்ன பெயர்?
படியில் நின்றுகொண்டு
கொஞ்ச நேரம் தேடினேன்.
பிறகு வீட்டுக்குப் போனேன்,
இரவு உணவு சூடாக்க வேண்டியிருந்தது.

இன்று காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு
வளைவில் வண்டியை நிறுத்தி
மைல்மானியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
இரண்டு மைல் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

இரண்டு புள்ளி நான்கு.
கடைசி அரை மைல் ஏற்றம்.