முதல் டிகாஷன்

செவ்வாத்தூரில், சுரங்கப் பள்ளத்தின் விளிம்பில்
சுத்தியல் பட்டுத் தெறித்தது மைக்கா,
கரும்பொன்னாய் ஒரு தகடு.
ஜீப் கதவில் சாய்ந்தபடி முனவர் கேட்டார்:
"மேடம், இதுல பொட்டாசியம் இருக்கா?"

ஏழு வருஷமாய் எனக்கு வண்டி ஓட்டுகிறார்.
கல்லைப் பற்றி இதுதான் முதல் கேள்வி.

இருக்கு என்றேன்.
நமக்குக் கீழே, மிகக் கீழே,
இதே மைக்கா ஊறிக் கிடந்தது பாறைக்குள்.
எழுபத்தைந்து கோடி வருஷம் முன்னால்,
கொஞ்சம் முன்னே பின்னே,
நிலம் இரண்டாய்ப் பிரியப் பார்த்தது.
இழுபட்டு மெலிந்தது.
அடிப்பாறை உருகக்கூட இல்லை, வியர்த்தது.
மற்ற படிகங்களில் பொட்டாசியத்துக்கு இடமில்லை;
பெரிய மூட்டையோடு நிற்கிறவனைக்
கடைசி பஸ் ஏற்றிக்கொள்ளாத மாதிரி.
வியர்வையின் முதல் சொட்டில் அது ஏறிக்கொண்டது.

"நல்லா உருகியிருந்தா இன்னும் நிறைய வந்திருக்குமோ?"

இல்லை, நீர்த்துப்போயிருக்கும்.
முதல் டிகாஷன் மாதிரி இது:
கொஞ்சம்தான் இறங்கும், கெட்டியாய் இறங்கும்.

சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து
வேலூர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து விரித்தார்.
ஷமீலா, வயது 41. பொட்டாசியம் 6.4.
பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"இளநீ கூடாதாம். வாழைப்பழம் கூடாதாம்.
கீரையை வேகவெச்சு அந்தத் தண்ணிய
ஊத்திடணுமாம்."

இந்த மலையடிவாரத்தில் மழையும் அதைத்தான் செய்கிறது.
மைக்காவைக் கழுவிக் கழுவிப் பொட்டாசியத்தை எடுத்துப்போகிறது;
மிஞ்சியதைத் தீயில் காட்டினால்
புழுவாய் நெளிந்து பொரியாய் உப்பும்.
சொல்ல நினைத்தேன். சீட்டை மடித்துக் கொடுத்தேன்.

ஏலகிரிக்குப் பின்னால் வெயில் இறங்கியது.
அந்தப் பிளவு முழுசாய்ப் பிளக்கவில்லை.
கடல் உள்ளே வரவில்லை.
வந்திருந்தால் திருப்பத்தூர் இல்லை, இந்த ரோடு இல்லை,
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு
வாணியம்பாடியிலிருந்து வேலூருக்குப் போக
ஒரு பக்கமே இருந்திருக்காது.

பதினாலு பை. எண் எழுதிக் கட்டினேன்.
வழக்கம்போல் பின்சீட்டில் வைத்தேன்.

முனவர் ஒவ்வொன்றாய் எடுத்து
டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் அடுக்கினார்.
"நாளைக்கு அவ அங்க உக்காருவா மேடம்."

கல் ஒன்றும் செய்யாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு
கடைசிப் பையை நானே தூக்கிக் கொடுத்தேன்.