புதனும் சனியும்

புதன்கிழமை அவன் வருவான், சனிக்கிழமை நான் போவேன்.
பன்னிரண்டு வருடமாக இதுதான் எங்கள் சட்டம்.
க்ரோனிங்கனில் ஏழாம் நம்பர் பேருந்து,
நடுவில் ஒரு கால்வாய், பதினெட்டு நிமிடம்.
அவன் சாவி என்னிடம், என் சாவி அவனிடம்.
அழுக்குத் துணி மட்டும் அவரவர் வீட்டில்.

முதல் வருடமே சொல்லிவிட்டேன்:
யெல்லேயை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன்.
ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து.
கடைசியில் அவர் என்னை நர்ஸ் என்று கூப்பிட்டார்.
இன்னொரு தடவை என்னால் ஆகாது.
வீபே தலையசைத்தான்.
"நானும் கேட்கமாட்டேன்" என்றான்
மீனில் முள் எடுத்துக்கொண்டே.
அப்போது அவனுக்கு அறுபத்தேழு.
அந்த வயதில் யாரும் எதையும் சொல்லலாம்.

நவம்பரில் விழுந்தான்.
தபால்பெட்டிக்குப் போகும் வழியில், ஈர இலைமேல்.
இடுப்பெலும்பு.
ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம்:
மனைவி, மகள், அண்டைவீட்டார், மற்றவை.
பேனா கொஞ்ச நேரம்
அண்டைவீட்டாரிடம் நின்றுவிட்டுப் போயிற்று.

உட்ரெக்டிலிருந்து மகள் ஆந்த்யே கூப்பிட்டாள்.
"நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்."
அந்தத் 'தானே'க்குள்
ஒரு கட்டில் இருந்தது, மாத்திரைப் பெட்டி இருந்தது,
இரவு மூன்று மணி இருந்தது.
"சனிக்கிழமைகளில்" என்றேன்.
மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம்.

என் வீட்டுப் படிகள் பதினேழு, ஏணிபோல் செங்குத்து.
இனி அவனால் ஏறமுடியாது.
பொன் கிடைத்தாலும் எங்களுக்குப் புதன் கிடைக்காது.
ஒருத்திக்கென்று சூப் வைக்கிறேன்,
கை தவறி இருவர் அளவு வந்துவிடுகிறது.
நான் விழுந்தால்?
அதை அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு காலை செவிலியைக் காணோம்.
வீக்கத்துக்கு அவன் போடும் இறுக்கமான காலுறைகள்
நாற்காலி முதுகில் ஜோடியாகத் தொங்கின.
மாட்டிவிடக் கைபலம் வேண்டும், ரப்பர் கையுறை வேண்டும்,
யாராவது மண்டியிட வேண்டும்.

ஏழரை. எட்டேகால். ஒன்பது.
செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அவன் படித்துக்கொண்டிருந்தான்.
துடைத்த கோப்பையை நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அவன் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதை
எவ்வளவு சத்தமாகச் செய்கிறான் இந்த மனிதன்!
மேசைக்கடியில் இரண்டு பாதங்கள்,
உப்பிய ரொட்டிமாவுபோல்,
அவனுக்குச் சம்பந்தமில்லாதவைபோல்.

பத்தேகாலுக்கு வந்தாள், தொப்பியில் பனியோடு.
ஒரு சக்கரம் பஞ்சர், மன்னிக்கவேண்டும் என்றாள்.
குனிந்தவள் நிமிர்ந்தாள்.
"இடதுகாலில் மட்டும் யார் போட்டது?"

வீபே ஜன்னலைப் பார்த்தான்.
வலதுகாலை அவள் பார்த்துக்கொண்டாள்.
நான் பேருந்துக்குக் கிளம்பினேன்.
முழங்காலில் ஒட்டிய கம்பளித் தூசியைத்
தட்டிவிட்டது கால்வாய் தாண்டித்தான்.