மேற்படி

வால்பரைசோ சுங்கச் சாவடி, 1871 ஜூன்.
வாடை கூரைகளைத் தட்டிப் பார்க்கும் மாதம்.
வரியைப் படித்து வரி போடுவது எங்கள் தொழில்.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த டோரதேயாவின்
சரக்குப் பட்டியலை ஸ்பானியத்தில் நகல் எடுத்தவன் நான்.
பதினான்காம் வரி: பட்டு, ஆறு பெட்டி.
பதினைந்தாம் வரி: நாற்பது பெட்டி,
சரக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு சின்னப் புள்ளிகள்.
மேற்படி.

நாற்பதையும் உடைத்தார்கள்.
ஆணி.
எண்ணெய் பூசிய மூன்றங்குல ஆணி.

"காகிதத்தில் பட்டு, பெட்டியில் ஆணி.
பட்டை எந்தக் கரையில் இறக்கினீர்?"
மேலாளர் உர்சுவா குரலை உயர்த்த மாட்டார்,
பேனாவைத் துடைத்துக்கொண்டே கேட்பார்.
ஹார்ன் முனையில் ஒரு பாய்மரத்தைக்
கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த கப்பல்தலைவர் ஹார்ம்ஸ்
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ஐயா, இது ஈ எச்சம்."
"எந்த ஊர் ஈ?"
"நகல் உங்களுடையது. ஈயும் உங்களுடையது."

சுங்கச் சாவடியில் ஈ கிடையாது
என்று எழுதிக் கையொப்பமிட்டார் உர்சுவா.
மை காயுமுன்னே அதன்மேல் ஒன்று நடந்து போனது.

மருந்துக்கடை மண்டியோலாவைக் கூப்பிட்டார்கள்.
பூதக்கண்ணாடி வைத்தார், முகர்ந்தார்,
கடைசியில் நாக்கு நுனியால் தொட்டார்.
"ஈதான். சந்தேகமே இல்லை."
கட்டணம் இரண்டு பெசோ.

ஈ இல்லை அது.
அசலில் அந்த ஒரு வரியை உப்புநீர் தின்றிருந்தது.
சனிக்கிழமை மாலை. விளக்கில் எண்ணெய் அடியைத் தொட்டிருந்தது.
கப்பலுக்குப் போய்க் கேட்டுவர
ஒரு படகும் அரை மணி நேரமும் வேண்டும்.
இரண்டு புள்ளி வைத்தேன்,
கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இருபத்தாறு நாள் இழுத்தது.
மாலுமிகள் ஐந்து பேர்
வடக்கே வெடியுப்புச் சுரங்கங்களுக்கு ஓடிப்போனார்கள்.
ஆணிக்குச் சொந்தக்காரர் தச்சர் எலியோதோரோ தபியா
தினமும் வாசலில் நின்றார்,
தொப்பியைக் கழற்றிப் பிழிந்து
மறுபடி போட்டுக்கொண்டு.
கொர்தில்லேரா மேட்டில் அவர் பாதியில் விட்ட
பதினொரு தகரக் கூரைகள்
கல்லின் பாரத்தில் கிடந்தன.
"ஒரு பெட்டி மட்டுமாவது" என்று கேட்டது என்னிடம்தான்.
"காகிதப்படி அது பட்டு" என்றேன்.

செவ்வாய் இரவு காற்று இறங்கி அடித்தது.
விடிந்தபோது மேட்டின் தகரங்கள்
மீன்சந்தைத் தெரு வரைக்கும் வந்திருந்தன.
ஒன்று எங்கள் முற்றத்தில்.
நான்கு மூலையிலும் ஆணிக்குத் துளை போட்டுத்
தயாராக வைத்திருந்தார் மனிதர்.
உர்சுவா அதற்கும் ஒரு வரி எழுதச் சொன்னார்:
தகரம், ஒன்று. உரியவர் தெரியவில்லை.
எழுதினேன். எனக்குத் தெரியும்.

அபராதம் பாதியாகக் குறைந்தது.
ஹார்ம்ஸ் உபரி நங்கூரத்தை விற்றுக் கட்டினார்,
எல்லோரிடமும் கை குலுக்கினார்,
என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே:
நான்தான் அவருக்கு நாற்காலி போட்டவனாம்.

இப்போது மேற்படி போடுவதில்லை நான்.
நாற்பது வரி ஆணியே வந்தாலும்
ஆணி, ஆணி, ஆணி என்று
ஒவ்வொன்றையும் முழுதாக எழுதுகிறேன்.
மை வீண் என்று சொல்லி
மாதம் கால் பெசோ சம்பளத்தில் பிடிக்கிறார் உர்சுவா.
ரசீது கேட்டதில்லை.