யா 27

சிரம்பானில் நடந்த போட்டி, அறுபத்து மூன்றாம் ஆண்டு.
தட்டச்சு மங்கிய தாளில்
கடைசிக்கு முந்தைய வரி:
ரெங்கம், பகாவ். ஆறு ஆட்டம். அரைப் புள்ளி.
தலைப்பெழுத்துகூட இல்லை.
அந்த அரைப் புள்ளிக்காகத்தான்
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.

பகாவில் ரெங்கம் என்று கேட்டால்
டயர் கடை ரெங்கத்தைக் காட்டுகிறார்கள்.
அவருக்கு முப்பது வயது.
தோட்ட ஆபீசில், கரையான் விட்டுவைத்த
பழைய பெரட்டுப் புத்தகத்தில் கிடைத்தார்:
அ. பொன்னுரெங்கம், புகைவீடு, இரவு வேலை.
பிறந்த தேதி கிடையாது.
கையெழுத்து இருக்கிறது.
கடைசி எழுத்தின் புள்ளி தாளைத் துளைத்திருக்கிறது.

கித்தா போய் செம்பனை வந்துவிட்டது.
புகைவீடு நின்ற இடத்தில்
கைப்பேசிக் கோபுரம்.

தாமான் வீட்டில் மகள் தவமணி மைலோ கலக்கித் தந்தார்.
"அப்பாவுக்கு விளையாட்டா?
பந்து உருண்டு வந்தாக்கூட
ஒதுங்கி நிப்பாரு."
பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து
ஒரு மூன்று-ஐந்துப் புத்தகம்.
முன்பக்கமெல்லாம் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய்,
ஆ லோய் தவுக்கே கடைக் கணக்கு.
பின்னாலிருந்து புரட்டினால்
சி 29. யா 27. கு 19.
"என்ன கடன்னே தெரியல.
தவுக்கேயும் கேக்கல,
நாங்களும் வாயத் தொறக்கல."

விடுதி அறையில்
ஏர்கான் சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில்
காந்தப் பலகையை விரித்தேன்.
அவர் கட்டங்களுக்கு எண் போட்டிருக்கிறார்,
தன் பக்கமிருந்து, ஒன்று முதல் அறுபத்து நான்கு.
நான் பழகிய ஆட்டத்தில் யானை மூலையில் நிற்கும்.
அப்படி வைத்தால்
இரண்டாம் நகர்விலேயே முட்டுகிறது.
முன்னே சிப்பாய் அசையாமல் நிற்கும்போது
யாரை மிதித்துக்கொண்டு இருபத்தேழுக்கு வரும்?
மூன்று இரவு
அவரை மடையர் என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் மீ கடையில்
இரண்டு சீனர்கள் வட்டக் காய்களை
அறைந்து அறைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.
மூலையில் எது என்று கேட்டேன்.
தேர்.
அடுத்தது?
குதிரை.
அதற்கடுத்தது
யானை.
என் மீ ஆறிப்போனது.

யானையை மந்திரியின் இடத்தில் வைத்ததும்
பதினோரு ஆட்டமும் தட்டாமல் ஓடின.
ஒன்றுவிட்டு ஒன்று எழுத்து மாறுகிறது:
ரெங்கத்தின் சாய்ந்த பேனா,
கடைக்காரரின் நிமிர்ந்த எண்கள்.
பதினொன்றிலும் ரெங்கம் தோற்றிருக்கிறார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, தாமதமாக.
சீனப் பலகையின் நடுவே ஓர் ஆறு உண்டு.
யானை அதைக் கடக்கக் கூடாது.
நம் பலகையில் ஆறு இல்லை, கரை இல்லை.
இருந்தும் இவருடைய யானை
முப்பத்திரண்டுக்கு மேல் ஒருமுறையும் போகவில்லை.
யாரும் மறிக்காத இடத்தில் வந்து நின்று
திரும்பிவிடுகிறது.

பன்னிரண்டாம் ஆட்டம் ரெங்கத்தின் கையில் மட்டும்.
ஓரத்தில் சிரம்பான் பஸ் டிக்கெட் ஒட்டியிருக்கிறது.
ஒன்பதாம் நகர்வு:
யா 54.
கணினி இரண்டே நொடியில்
அது தவறு என்றது.
எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் கணினி இல்லை.
நாற்பது நகர்வு திணறி
சமனுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

அந்த மாதம் பெரட்டுப் புத்தகத்தில்
ஒரு நாள் கூலி வெட்டு.
அதே மாதம் கடைக் கணக்கில்
நிமிர்ந்த எண்கள் நின்றுபோய்
வேறு யாருடைய கையோ தொடங்குகிறது.
ஆ லோய் கடையை விற்றாரா, இறந்தாரா,
மகனிடம் பேனாவைக் கொடுத்தாரா?
இதையும் ஐம்பத்து நான்கையும் சேர்த்து முடிச்சுப் போட
எனக்கு ஆசை.
ஆதாரம் இல்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸிலிருந்து
தவமணிக்குப் போன் போட்டேன்.
கடன் இல்லை அம்மா, அத்தனையும் ஆட்டம்.
"அப்படியா… ஜெயிச்சாரா?"
பாதி ஜெயித்தார்.
ரொம்ப நேரம் பேச்சில்லை.
குழாயை மூடும் சத்தம் கேட்டது.
"பாதின்னா,
மீதி யாருகிட்ட இருக்கு?"