மனை எண் எழுபத்திரண்டு

தவளக்குப்பம் தாண்டி இடப்பக்கம் மண்சாலை.
ஐப்பசி மழை விட்டு நான்காம் நாள்.
நெய்வேலியிலிருந்து வந்திருந்தார்கள்
தணிகாசலமும் அவர் மனைவியும்,
பணி ஓய்வுப் பணத்தோடு.

"பாருங்க சார், பச்சைக் கம்பளம்"
என்றார் புரோக்கர் அந்துவான்.
கம்பளம்தான்.
ஒரு மேடில்லை, ஒரு மடிப்பில்லை.
காற்றடித்தும் தலையாட்டாத புல்.
அதில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிக்கக் கூடாது.
நான் டேப் பிடிக்கிறவன்.

சித்திரையில் இதே தாங்கலில்
செருப்பு சிக்கும் வெடிப்புகளுக்கு நடுவே
எழுபத்திரண்டாம் கல்லை நட்டவன் நான்.
மஞ்சள் பெயின்ட் அடித்தவனும்.
கல் இப்போது எங்கோ கீழே நிற்கிறது,
விரால் உரசிப்போகும் எல்லையாக.

"அந்த மூலைக்குப் போடா, இழு."
அவருக்குத் தெரியாதா? தெரியும்.
கணுக்காலோடு நின்றுவிடும் என்று
கணக்குப் போட்டிருப்பார்.

நடந்தேன்.
முழங்கால். தொடை.
இடுப்பு.
பாசி விலகி வழிவிட்டு
பிறகு என்னை வட்டமாகப் பிடித்துக்கொண்டது.
டேப் மட்டும் மேலே மிதந்தது,
பதினெட்டு மீட்டர் வரை நேர்மையாக.

தணிகாசலம் காரைப் பார்த்தார்.
அந்துவான் வானத்தைப் பார்த்தார்.
அந்த அம்மாள்தான் குனிந்து
விரல்நுனியில் ஒன்றை ஒற்றியெடுத்தாள்.
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து
"இதுக்கும் ஒரு வேர் இருக்குங்க" என்றாள்.

மயிரிழை. ஒன்றே ஒன்று.
எந்த மண்ணையும் தொடாமல்
தண்ணீருக்குள் சும்மா தொங்குகிற வேர்.

அதை அவள் துடைக்கவில்லை.
கார்க்கதவை மற்றக் கையால் திறந்தாள்.

இரவு குளித்தேன்.
கால்மயிரில், சட்டைப்பையில், பீடிக்கட்டுக்குள்.
பழைய பெயின்ட் வாளித் தண்ணீரில்
உதறியது ஏழு.
மூன்றாம் நாள் பதினைந்து.
ஞாயிற்றுக்கிழமை எண்ண உட்கார்ந்து
பாதியில் விட்டுவிட்டேன்.

திங்களன்று அந்துவான் போன் செய்தார்:
"எழுபத்திரண்டு முடிஞ்சுது.
வேற பார்ட்டி. போட்டோ பார்த்தே அட்வான்ஸ்.
அடுத்ததை அளக்கணும், டேப்பை எடுத்தா."

இழுத்துப் பார்த்தேன்.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
காய்ந்து ஒட்டியிருந்தது ஒரு புள்ளி.
நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

வாளிக்குள்
அந்த இடத்தை மட்டும்
நனைத்து வைத்தேன்.