பதினேழு எழுத்து

வண்டிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பதினேழு எழுத்து.
அதில் ஐ வராது, ஓ வராது.
ஒன்றா சுழியா என்று கண் மயங்கும் என
முதலிலேயே விலக்கிவிட்டார்கள்.
மயங்குவதற்கு மற்றவை நிறைய இருக்கின்றன.

கஞ்சிக்கோட்டில் தகரக்கூரைக்குக் கீழே என் மேசை.
பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மலையாளத்தில் ஒருமுறை,
மறுமுனை தயங்கினால் தமிழில் ஒருமுறை
சொல்கிறேன்:
உங்கள் ஸ்டியரிங்குக்குள் ஒரு பை மடங்கிக் கிடக்கிறது,
அதை ஊதவைக்கும் மருந்து கெட்டிருக்கலாம்,
இரண்டு மணி நேர வேலை, இலவசம்.

இலவசம் என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள்.

மெக்கானிக் பிஜு உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்,
கழற்றிய ஓர் உலோகக் குப்பியை.
தையில் வாளையாறு பக்கமிருந்து வறட்டுக் காற்று,
ஆனியில் மேற்கிலிருந்து ஈரம்,
மலை விட்ட இந்தச் சந்தில் நிறுத்திய வண்டி
இரண்டையும் குடிக்கிறது, பத்து வருடம்.
உள்ளே உப்பு உடைந்து மாவாகிறது.
ஒருநாள் குறுக்கே மாடு.
பை விரியுமுன் குப்பி விரிந்துவிடும்.
"பின்னே கழுத்தானு" என்றான்,
தன் கழுத்தைத் தொடாமல்.

எண்பத்தேழாவது பெயர், வெள்ளை வண்டி.
பொள்ளாச்சி, நார் மில் சென்னியப்பன்:
"அத வித்து ஆறு வருசமாச்சுங்க. நல்ல வண்டிங்க."
புதுநகரம் காஜா உசேன் ராவுத்தர்:
மகள் நிக்காஹுக்கு வாங்கியது,
மகள் ஷார்ஜா போனதும் கொடுத்தது.
ஆர்.சி. புத்தகத்தில் பெயர்?
"மாத்திக்கிறேன்னாரு. நல்ல மனுசன். வண்டியும் நல்லதுதான்."
கொழிஞ்சாம்பாறை சவரிராயன்.
எடுத்தது அவர் மனைவி.
அவர் இறந்து எட்டு மாதம் என்றார்.

எப்படி என்று கேட்க என் தாளில் வரி இல்லை.
கேட்டேன்.
சர்க்கரை என்றார்.
மூச்சு விட்டேன்.
விட்ட மூச்சுக்கு அன்று முழுக்கக் கூசினேன்.

வண்டி இப்போது வேலந்தாவளம் சந்தையில்.
பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறார்
ஆறுச்சாமி.
பின்னணியில் ஏலச் சத்தம், கிலோ ஒன்பது, ஒன்பது, எட்டரை.
மனப்பாடத்தை ஒப்பித்து முடித்தேன்.

"அதுக்குள்ள பையே இல்லீங்களே."

போன வருசம் மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி
புளியமரத்தில் இடித்தாராம்.
ஒன்றும் வரவில்லை, நெற்றிதான் போய் ஸ்டியரிங்கில் மோதியது.
ஏழு தையல்.
பிரித்துப் பார்த்தால் உள்ளே
சுருட்டித் திணித்த சிவப்புத் துண்டு,
மேல்மூடிக்குப் பசை.

ஆக, பை முன்பே எங்கோ விரிந்திருக்கிறது,
யாரையோ தாங்கியிருக்கிறது,
கொல்லாமல்.
அந்த யாரோ துண்டைத் திணித்து மூடி
நல்ல வண்டி என்று விற்றிருக்கிறார்.
மூன்று குரல்களையும் மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்டன.

"துண்ட எடுத்துட்டுப் பை வச்சுத் தருவீங்களா, சும்மா?"

கெட்டதைக் கழற்றிக் கொடுத்தால் நல்லது மாட்டுவோம்.
இல்லாததற்கு மாற்று கிடையாது.
விதியைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன்.
அவர் சிரித்தார்; கோபமில்லை.
"அப்ப எனக்கு அந்தக் குப்பியால ஆபத்து இல்லீங்க?"
இல்லை என்றேன்.
அது உண்மைதான்.
"பெல்ட்டாவது போடுங்க."
"போடறனுங்க" என்றார்
போடாதவர்கள் சொல்கிற அதே குரலில்.
எட்டேகால், எட்டேகால் என்றது சந்தை. வைத்துவிட்டார்.

படிவத்தில் மூன்று கட்டம்:
மாற்றப்பட்டது. மறுத்துவிட்டார். தொடர்பில் இல்லை.
எண்பத்தெட்டாவது பெயருக்கு விரல் போகுமுன்
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலால் எழுதினேன்:
துண்டு. சிவப்பு.